டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? கணக்கும் பயணமும்

விமானப் பயணத் திட்டமிடல் பணியில் இருப்பதால், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இணையத்தில் கிடைக்கும் எண்ணையே விமானம் பறக்கும் தூரமாக எடுத்துக்கொண்டு, பயண நேரத்தையும் எரிபொருளையும் பலர் கணக்கிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வில்லின் நீளம்.

டெல்லி 28.57 பாகை வடக்கு, 77.10 பாகை கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 37.62 பாகை வடக்கு, 122.38 பாகை மேற்கு. இவற்றைக் கோளத் திரிகோணமிதிச் சூத்திரத்தில் இட்டால், பூமியின் மையத்தில் இரு நகரங்களுக்கும் இடையே 111.34 பாகைக் கோணம் வருகிறது, பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் சுமார் 12,380 கி.மீ. கிடைக்கும். இந்தப் பாதை டெல்லியிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கியே கிளம்பி, 75 பாகை அட்சரேகையையும் தாண்டி ஆர்க்டிக் பகுதி வழியாகச் செல்கிறது. சுவர் வரைபடத்தில் அடிகோல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இதை நம்ப வைப்பது சற்றுக் கடினம்.

மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இட மறந்தால், இதே கணக்கு சுமார் 4,300 கி.மீ. என்று விடை தரும். அத்தனை அபத்தமான விடை உடனே கண்ணில் பட்டுவிடுவதால் ஆபத்து குறைவு. ஆனால் 28 பாகை 34 கலையை (60 கலை ஒரு பாகை) 28.34 என்று எழுதுவதால் நேரும் 25 கி.மீ. அளவிலான இடப்பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. எக்செலில் பாகையை ரேடியனாக மாற்றிய பிறகே சைன், கொசைன் காண வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் ஏற்படும் வேறுபாடு அதிகபட்சம் அரை சதவீத அளவுதான்.

இவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும், விமானம் அந்தத் தூரத்தை மட்டும் பறந்து இறங்குவதில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே பயணத்தைப் பசிபிக் வழியாக மாற்றியபோது தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆனது, முந்தைய அட்லாண்டிக் வழியை விட 1,400 கி.மீ. கூடுதலாக இருந்தும், பின்காற்றின் உதவியால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. வான்வெளித் தடைகளின் விளைவு இன்னும் கடுமையானது: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஃபின்ஏருக்கு ஆகும் நேரம் ஒன்பதரை மணியளவிலிருந்து சுமார் 13 மணியாக உயர்ந்தது.

எனவே எந்தத் தேவைக்கு எந்த எண் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி தாமத இழப்பீடு கோருவோருக்கு, 1,500, 3,500 கி.மீ. எல்லைகள் பெருவட்டத் தூரத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. விமானம் எவ்வளவு சுற்றிப் போனாலும் அது மாறாது. கார்பன் உமிழ்வுக்கு, 5,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணமாயின், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பு முறை பெருவட்டத் தூரத்துடன் 125 கி.மீ. சேர்த்துக்கொள்கிறது. எரிபொருளுக்கோ, அன்றைய காற்றையும் அன்று திறந்திருக்கும் வான்வெளியையும் வைத்துப் போடும் பயணத் திட்டத்தின் தூரம் மட்டுமே செல்லும்.