பைக் ஸ்டிக்கர்: எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது

வண்டியில் ஸ்டிக்கரே ஒட்டக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. ஸ்டிக்கர் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, வண்டியின் நிறத்தையே அது மாற்றிவிட்டதா என்ற மூன்றையும் பொறுத்துத்தான் அபராதம் வரும்.

முதலில் நம்பர் பிளேட். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50, 51 இரண்டும் இதற்கானவை. பைக்கின் முன் பிளேட்டில் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். பின்னால் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ., இரண்டுக்கும் தடிமன் 7 மி.மீ. பதிவு எண் தவிர சாமி படம், கட்சிக் கொடி, தலைவர் முகம், சாதிப் பெயர் என்று எது பிளேட்டில் இருந்தாலும் விதிமீறல்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய் வரை அபராதம்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதன் இடது ஓரத்தில் உள்ள அசோகச் சக்கர ஹாலோகிராமைக் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். ஹாலோகிராம், நீல நிற ஐ.என்.டி. எழுத்து, லேசரில் பொறித்த வரிசை எண் மூன்றும் பிளேட்டின் அடையாளங்கள். அவை போனால் புது பிளேட்தான் போட வேண்டும். வெளியிலிருந்து ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்கவும் இந்தப் பிளேட்டில் தின்னர், பெட்ரோல் இரண்டும் ஆகாது. எழுத்தின் மேலுள்ள கறுப்புப் படலமும் வெள்ளை ஒளிர்தாளும் கரைந்து வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் விரலாலேயே உருட்டி எடுங்கள்.

அடுத்தது போலீஸ், பிரஸ், வக்கீல், டாக்டர் வகை. இப்படித் தொழிலையும் துறையையும் காட்டும் ஸ்டிக்கர்கள் மீது சென்னை போக்குவரத்துப் போலீஸ் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. டேங்கில் சிங்க முத்திரை ஒட்டியிருந்தால் விஷயம் இன்னும் பெரிது. அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று செஞ்சிலுவை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை அரசு அனுமதி இல்லாமல் போட 1960 ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் தடை செய்கிறது. டாக்டர் ஆனாலும் இந்தத் தடை பொருந்தும்.

கம்பெனி கிராஃபிக்ஸ் வேறு கணக்கு. டேங்க் கோடு, மாடல் பெயர், சைடு பேனல் டிசைன் ஆகியவற்றை உரித்தால் ஆர்.சி.யில் உள்ள நிறம் மாறாது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உரித்தபின் முழு வண்டிக்கும் வேறு பெயின்ட் அடித்தாலோ ராப் (வண்டியை மூடி ஒட்டும் வண்ணத் தாள்) போட்டாலோதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 வரும். ஆர்.சி. விவரத்தோடு வண்டி ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. ஆகவே பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, வேலை முடிந்ததும் புது நிறத்தை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.

உரிக்கும் முன் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் வெளியே ஒட்டியது, வந்துவிடும். தட்டுப்படாமல் வழவழவென்று போனால் அது கிளியர் கோட்டுக்கு, அதாவது பெயின்ட் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்கு, அடியில் இருக்கிறது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்காமல் எடுக்க முடியாது. வெளியே ஒட்டியதை ஹேர் டிரையரால் ஒரு சாண் தூரத்திலிருந்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காட்டி, தாளைப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் வந்து பசை மட்டும் தங்கிவிடும். பாதி வேலைக்கு மேல் அந்தப் பசைதான். டேங்க் மூடியை இறுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் கசிவு வாசனை வந்தால் டிரையரைப் போடவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் ஹீட் கன் பிளாஸ்டிக் பேனலை நொடியில் வளைத்துவிடும். தங்கிய பசையில் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, பழைய ஏ.டி.எம். அட்டையால் தள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும். வெயிலில் பல வருடம் நின்ற வண்டியில் ஸ்டிக்கர் இருந்த இடம் அடர் நிறமாகத் தெரியும். சுற்றியிருக்கும் பெயின்ட் வெளுத்திருப்பதால் அப்படி. பாலிஷ் போட்டால் ஓரளவு குறையும், முழுவதும் மறையாது.

பின்புற சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதீர்கள், அது மத்திய மோட்டார் வாகன விதி 104 கேட்கும் பொருள். ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பசையைச் சுரண்டும்போது கம்பி பிரஷும் வேண்டாம். பெரும்பாலான பைக்கில் சேஸிஸ் எண் குத்தியிருப்பது அங்கேதான். எண் தேய்ந்தால் எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும்போது வண்டியைச் சந்தேகப்படுவார்கள். பழைய வண்டி வாங்குபவர் முந்தைய உரிமையாளர் ஒட்டிய பிரஸ், போலீஸ் ஸ்டிக்கரை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர், அப்போது வண்டியை ஓட்டி வருபவர்தான்.