அடிச்சாம்பலும் புகைச்சாம்பலும்

டெல்லியில் வீடு கட்டுகிறவரிடம் ‘ஃப்ளை ஆஷ்’ என்றால் அனல்மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். 2018-இல் மூடிய பதர்பூர், இன்னும் ஓடும் தாத்ரி. ஓக்லா, காசிப்பூர், தேக்கண்ட் குப்பை எரி ஆலைகளிலும் ‘ஃப்ளை ஆஷ்’ என்றே ஒன்று வருகிறது. முன்னது நிலக்கரிச் சாம்பல். சிமென்டில் சேரும், கட்டடக் கல்லாகும். பின்னதைக் கல்லறுக்கத் தொடவே கூடாது.

‘சாம்பு’ என்றால் வாடு, ஒளி மங்கு, அதிலிருந்து சாம்பல். வாடிய பூவுக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘நீறு’ சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் பொது; சுட்ட சுண்ணாம்பில் நீர் விடுவதை ‘நீற்றுதல்’ என்கிறோம். டெல்லி அக்கம்பக்கத்தார் இந்தியில் சொல்லும் ‘ராக்’ வடமொழி ‘ரக்ஷா’விலிருந்து வந்தது, நம் ஹோம ரட்சைக்கு உறவு.

குப்பை எரி ஆலையில் வரும் சாம்பல் இரண்டு வகை. பாட்டம் ஆஷ் என்பது எரிதட்டின் அடியில் விழுவது. ‘அடிச்சாம்பல்’ போதும். ஃப்ளை ஆஷைப் ‘பறக்கும் சாம்பல்’ என்று பெயர்த்து எழுதுகிறார்கள். மே மாதத்தில் வீசும் ‘லூ’ என்ற வெப்பக் காற்றில் எந்தச் சாம்பல்தான் பறக்காது? புகையோடு போய்த் துணிப்பை வடிகட்டியில் சிக்குவதால் ‘புகைச்சாம்பல்’ என்பதே பொருத்தம். தமிழக அனல்மின் நிலையங்களில் வழங்கும் ‘உலர் சாம்பல்’ நிலக்கரிக்கே இருக்கட்டும்.

ஐரோப்பிய ஆலைகளில் 100 கிலோ குப்பைக்கு அடிச்சாம்பல் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ, புகைச்சாம்பல் 2 முதல் 5 கிலோ. டெல்லிக் குப்பையில் தெருப்புழுதியும் மண்ணும் கலப்பதால் அடிச்சாம்பல் கூடும், மண் எரியாதே.

அடிச்சாம்பல் நீர்த்தொட்டியில் விழுந்து, ஈரக்கட்டியாக வெளிவரும். கிளறினால் கண்ணாடிச் சில், ஆணி, பாட்டில் மூடி. எழுத்து தெரிகிற செய்தித்தாள் துண்டு கிடைத்தால் உலை சரியாக எரியவில்லை. இதற்கு அளவே உண்டு: உலர்த்திய சாம்பலை மறுபடி சுட்டால் எடை இழப்பு 5 சதவீதத்துக்குள், அல்லது அதிலுள்ள கரிமக் கார்பன் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றன 2016 திடக்கழிவு விதிகள்.

பிறகு காந்தத்தால் இரும்பையும், சுழல்மின்னோட்டப் பிரிப்பானால் அலுமினியம், செம்பையும் எடுத்துச் சலித்து, குவியலாக 6 முதல் 12 வாரம் போட்டுவைக்க வேண்டும். இதை ‘முதிர்வித்தல்’ என்று எழுதுவதைவிட ‘நீற்றுதல்’ என்பது மேல், ஏனென்றால் நடப்பதே அதுதான். சாம்பலிலுள்ள சுண்ணாம்பு நீர் குடித்து நீறும். பிறகு காற்றின் கரியமில வாயுவை வாங்கி இறுகும். வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இப்படித்தான். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12-ஐ ஒட்டியிருந்தது 10-க்குக் கீழே வந்தால் ஈயம் கரைந்து கசிவது குறையும்.

அவசரப்பட்டால்? மிஞ்சிய அலுமினியம் சிமென்டின் காரத்தில் ஹைட்ரஜனை விடும். கான்கிரீட் உப்பி வெடிப்புவிடும். சாம்பலிலுள்ள குளோரைடு உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவேற்றும். ஆகவே நீற்றிய அடிச்சாம்பலுக்கு முதல் இடம் சாலையின் அடித்தளம், அதுவும் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, தாரால் மூடி. நெதர்லாந்தும் டென்மார்க்கும் நெடுங்காலம் செய்துவந்தது இது.

புகைச்சாம்பல் முகப்பவுடர் போல நைசு. புகையைக் கழுவத் தூவிய சுண்ணாம்பும் கரித்தூளும் அதிலேயே இருக்கும். கூடவே ஈயம், காட்மியம், டையாக்சின் என்ற நச்சுகள். கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுப்பதால் ஆடி மழைக்காலத்தில் மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டும். நீரில் கழுவினால் உப்பு போகும், ஆனால் கழுவிய நீரையும் சுத்திகரித்தாக வேண்டும். வழக்கமாகச் சிமென்ட் கலந்து கெட்டியாக்கி, அடியில் தடுப்புப்படலம் விரித்த பள்ளத்தில் புதைப்பார்கள்.

டிசம்பர் குளிரில் காவலாளிகள் மூட்டும் ‘அலாவ்’ நெருப்பில் பிளாஸ்டிக்கும் வண்ணம் பூசிய பலகையும் எரியும். அந்தச் சாம்பலிலும் நஞ்சு இருக்கலாம். துளசித் தொட்டிக்கோ பாத்திரம் தேய்க்கவோ அதை அள்ளிவர வேண்டாம். அதற்கு விறகுச் சாம்பல் மட்டும்.