பத்தொன்பது வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பும் முன்

நான் நன்னடத்தை அலுவலர். ஜூன் மாதம் வந்தால் யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். "சார், கிரிமினாலஜி சேர்க்கலாமா? போலீஸ் வேலை கிடைக்குமா?" என்று அப்பா கேட்பார். கைரேகை, டிஎன்ஏ எல்லாம் சொல்லித்தருவார்களா என்று பிள்ளை கேட்கும். கைரேகையும் டிஎன்ஏவும் தடய அறிவியலில் வருபவை, அது தனிப் படிப்பு. எஸ்ஐ தேர்வெழுத எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். கிரிமினாலஜி என்கிற குற்றவியல் வேறு. ஒருவன் ஏன் குற்றத்தில் போய் விழுகிறான், விழுந்தவனைக் கோர்ட்டும் சிறையும் என்ன செய்கின்றன, வெளியே வந்தவன் எங்கே போகிறான், பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்பதுதான் அங்கே பாடம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு துறை இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஆப்கா (APCA) நிறுவனம் வேலூரில் இருக்கிறது. உதவி ஜெயிலர், நன்னடத்தை அலுவலர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது, ஆனால் வருஷா வருஷம் அறிவிப்பு வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேருங்கள்.

முதல் செமஸ்டரிலேயே லொம்ப்ரோசோ வந்துவிடுவார். குற்றவாளி பிறப்பிலேயே குற்றவாளி, முகத்தையும் மண்டையையும் அளந்தே கண்டுபிடிக்கலாம் என்று 1876ல் எழுதிய இத்தாலிய மருத்துவர். படித்ததும் வகுப்பில் சிரிப்பு எழும். சிரிக்கும் பிள்ளைகளிடம் நான் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஆண்டைக் கேட்பேன். 1871. லொம்ப்ரோசோ எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, பிறப்பை வைத்து முழுச் சாதிகளையே குற்றவாளிகளாகப் பதிவு செய்ய இங்கே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பதிவுக்குக் கைரேகை வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில். மண்டையை அளக்கும் பழக்கம் போய்விட்டது. "எந்த ஏரியாப் பையன்?" என்ற கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

பெற்றோருக்கும் மாணவருக்கும் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், அது மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட நீதிபதிக்கு 4ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பிணைக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. 21 வயது நிரம்பாதவருக்கு 6ஆம் பிரிவு இன்னும் வலுவானது. ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றமாக இல்லாத வரை, நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை வாங்கிப் பார்க்காமல் அந்தப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியே தீர வேண்டுமென்றால் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும்.

நடப்பில் என்ன ஆகிறது? சின்னத் திருட்டு வழக்கு, பையன் ரிமாண்டில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டான். வாய்தாவுக்கு வாய்தா அலைந்து வீட்டில் ஓய்ந்துபோயிருப்பார்கள். யாராவது வந்து "ஒத்துக்கிட்டா இருந்த நாளையே தண்டனையா கழிச்சு விட்டுருவாங்க" என்பார். அவனும் ஒத்துக்கொள்வான், அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் தண்டனை பெற்றவன் என்ற பதிவு அவன் பேரில் நின்றுவிடும். அதே பையனை 4ஆம் பிரிவில் விட்டிருந்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனைத் தொடாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. (வழக்கே நடக்காதது போல் இது ஆக்கிவிடாது. வேலை கொடுப்பவர் அவன் நடத்தையைப் பார்க்கத்தான் செய்வார்.) வக்கீல் கேட்காவிட்டால், தண்டனை பற்றி நீதிபதி கேட்கும்போது பையனே சொல்லலாம்: "ஐயா, எனக்கு 21 ஆகலை, நன்னடத்தை அறிக்கை கேளுங்க."

ரிமாண்டிலேயே நாள் ஓடுகிறது என்றால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 479ஆம் பிரிவைக் கேளுங்கள். இதற்கு முன் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். அதற்குக் கோர்ட்டில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றவியல் படித்த ஒரு பிள்ளை கைதியின் சிறை வாரண்டைப் பார்த்து நாள் கணக்குப் போடப் பழகிவிட்டாலே எத்தனையோ குடும்பங்களுக்கு உதவ முடியும்.

முன்பு சொன்ன நன்னடத்தை அறிக்கையை எழுதுவதுதான் என் வேலை. எப்படி எழுதுவது என்று பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டேன். எப்படி விசாரிப்பது என்பதை ஒரு குடும்பத்தின் செலவில் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்தொன்பது வயதுப் பையன், டூ வீலர் திருட்டு. அறிக்கை கேட்டு உத்தரவு வந்தது. வீடு தெரியாமல் தெருமுனை டீக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டேன். எங்கிருந்து வருகிறேன் என்று கடைக்காரர் கேட்க, பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சில் நாலு பேர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார், முறத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் யார் என்று சொன்னதும் வாசலைத்தான் பார்த்தார். அதற்குள் அங்கே இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்னுதான் சார் சொல்லி வச்சிருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் "ஆமா", "இல்ல" தவிர வேறு பதில் வரவில்லை.

நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. தேர்வில் அதை எழுதி மார்க் வாங்கியவன் நான். எழுதப்போகும் தாள்தான் ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

அறிக்கை அவனுக்குச் சாதகமாகத்தான் போனது. பிணையில் விட்டார்கள், மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட்டான், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் நாலாவது மாதம் வந்தபோது முகவரி மாற்றத்துக்கு அனுமதி கேட்டான். அந்தத் தெருவைக் காலி செய்துவிட்டார்கள். மனுவில் "காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடமே கேட்டான்.

இப்போது களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாள் ஃபைல் கொடுப்பதில்லை. வீட்டுக்குப் போன் செய்து, "எந்த நேரம் வந்தா உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேட்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாமல் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்கலாம் என்பதை அந்த அம்மாவிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.