ஐந்தாம் நாள் வந்த வலிப்பு

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அக்கா ஃபிட்ஸுக்கு கார்டினால் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். கல்யாணத்தன்று நிறுத்தினாள். நாலு நாள் ஒன்றுமில்லை. மறுவீடு வந்த ஐந்தாம் நாள் விழுந்துவிட்டாள். மாத்திரைதான் காரணம் என்றால் மறுநாளே வந்திருக்க வேண்டாமா? கண்ணேறு என்று சரடு ஜெபித்துக் கட்டியிருக்கிறார்கள்."

மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாகக் கட்டுமீறித் துடிப்பதுதான் வலிப்பு. மாத்திரை அதை அடக்கி வைக்கும், வேரோடு எடுக்காது. சரி, இது தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல். பெரும்பாலான மருந்துகளை உடல் மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கழிப்பதில்லை. இருப்பதில் இத்தனை பங்கு என்று கழிக்கிறது. அதனால் மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. இதற்கு அரை ஆயுள் என்று பெயர். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்துக்கு அது 6 முதல் 8 மணி நேரம். ஒரு நாள் முழுக்க விட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கார்டினால், அதாவது 1912இல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய பீனோபார்பிட்டல், வேறு ரகம். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 4 நாள். முதல் நாள் ஆறில் ஒரு பங்கு போகும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. நாலாம் நாள் பாதிதான் இருக்கும். இத்தனை நாள் மருந்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று குறைந்தால் முன்பைவிட முரண்டு பிடிக்கும். கூடவே கல்யாண வீட்டுத் தூக்கக்கேடு. அதுவே வலிப்பைக் கிளப்பிவிடும்.

மாத்திரையை விட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே நாலு நாள் இடைவெளி. யார் கண் பட்டது, உச்சி வேளையில் எங்கே போனாள் என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் வந்து உட்காருகிறது. சரடு கட்டட்டும், அதனால் கெடுதலில்லை. கட்டிவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்கு ஆத்திரம்.

அக்காவை அலட்சியக்காரி என்றும் சொல்ல மாட்டேன். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே வைப்பாள்? சேலை மடிப்பிலா, பொட்டு டப்பாவிலா? உள்ளூர் மெடிக்கலில் வாங்கினால் ஊருக்கே தெரியும் என்று பாறசாலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய முடியாதபடி 1999இலேயே இந்து திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சட்டம் விட்டாலும் தரகர் விடவில்லை. புது மருந்து தேடக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை, இருக்கிற மாத்திரை ஏன் வாய்க்குப் போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்கச் செலவிடலாம்.

அப்புறம், பிள்ளைக்கு ஆகாது என்று கர்ப்பத்தில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மாற்றுவது டாக்டரின் வேலை, அதுவும் கரு தரிக்கும் முன்பே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் இதற்கென்றே ஒரு பதிவேடு வைத்துத் தாய்மார்களைப் பின்தொடர்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன.

இரவு ஒரே வேளையில் முடிகிற மருந்து தனக்கு ஒத்துவருமா என்று அக்கா டாக்டரிடம் கேட்கலாம். மாமியாருக்குத் தெரிந்த பிறகுதான் கேட்க வேண்டும் என்பதில்லை.