நோசிசெப்டர்: தமிழில் ஊறுணரி

உடம்புக்குக் கேடு நேரும்போதோ, நேரப்போகும்போதோ அதைக் கண்டு செய்தி அனுப்பும் புலன் நரம்பு செல்தான் நோசிசெப்டர். செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் திரளில் இருக்கும். அதன் இழை கால் கட்டைவிரல் வரைகூட நீளும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். லத்தீனில் ‘நோசெரே’ என்றால் கேடு செய்தல். தமிழ் ‘நோ’வை நினைவூட்டினாலும் அது ஒலி ஒற்றுமை மட்டுமே, உறவில்லை. ஷெரிங்டன் ‘வலி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தார். மூளையோடு தொடர்பு அறுந்த விலங்கும் குத்தினால் காலை இழுத்துக்கொள்ளும். அங்கே வலி உணரப்படுகிறது என்று எப்படிச் சொல்வது? நரம்பு கேட்டைத்தான் அறிகிறது. வலி, மூளையில் உருவாகும் அனுபவம்.

அதனால்தான் நோசிசெப்டரை ‘வலி ஏற்பி’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ‘ஊறுணரி’ நல்ல சொல். ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்ற குறளில் ஊறு என்பது தொடு உணர்வு. ‘ஊறு விளைவித்தல்’ என்னும்போது அதுவே தீங்கு. இரண்டு பொருளும் இந்த நரம்புக்குப் பொருந்துகின்றன.

‘ஏற்பி’யை அந்தச் செல்லின் சவ்வில் இருக்கும் புரத மூலக்கூறுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று டிஆர்பிவி1. 1997இல் அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு இதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. 2021 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும், சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடும் இந்த ஏற்பியைத் திறக்கின்றன. காரத்தை ‘எரியுது’ என்று நாம் சொல்வது சரியான பேச்சுதான்.

அடுப்பில் கை சுட்டுவிட்டது. அப்புறம் அதே இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே சுரீரென்கிறது. காயத்தில் சுரக்கும் பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் ஆகிய வேதிப்பொருள்களும் அங்கே கூடும் அமிலத்தன்மையும் ஏற்பி திறக்கும் வெப்ப வரம்பைக் கீழே இறக்கிவிடுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் இன்னும் நிறைய ஏற்பிகளை நரம்பு முனைக்கு வரவழைக்கிறது. ஆஸ்பிரின் இதில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. ஏற்பியை நேரடியாக அடைப்பதில்லை.

ஆகவே ‘காயத்துக்குப் பின் வலி ஏற்பிகள் கூடுகின்றன’ என்று எழுதினால், கூடுவது செல்லா புரதமா என்று வாசகர் திணறுவார். ‘ஊறுணரிகளில் டிஆர்பிவி1 ஏற்பிகள் கூடுகின்றன’ என்று எழுதலாம்.