கடற்கரைப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

பழைய குடும்பப் படங்களைச் சுத்தம் செய்து, ஸ்கேன் எடுத்து, பாதுகாத்துக் கொடுப்பது என் தொழில். சென்னைக் குடும்பங்கள் கொண்டுவரும் ஆல்பங்களில் மெரினாவில் எடுத்த படம் ஒன்றாவது அநேகமாக இருக்கும். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், மடிப்புக் கலையாத வேட்டி, சில படங்களில் அந்த மணலிலும் கோட்டும் டையும். குழந்தைக்குப் புது கவுனும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும்.

பீச்சுக்கு யாராவது பட்டு கட்டிக்கொண்டு போவார்களா என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். போனார்கள். கல்யாணமான புதிதில், காணும் பொங்கலன்று, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு மெட்ராஸைச் சுற்றிக் காட்டும்போது எல்லாம் அப்படித்தான் போனார்கள். அவர்கள் கடலில் குளிக்கப் போகவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதுபோலக் கிளம்பினார்கள். அதோடு, அதுவரை போட்டோ என்றாலே ஸ்டூடியோதான். நல்ல துணி உடுத்தி, திரைக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் மணலிலும் நின்றார்கள்.

1960-களில் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய கேமராக்களில் ஒன்று ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. 120 ஃபிலிம் சுருள் ஒன்று போட்டால் 12 சதுரப் படம், அவ்வளவுதான். பெரிதாக்கிப் பிரிண்ட் போடக் காசு அதிகம் என்பதால் நெகட்டிவ் அளவிலேயே, ஏறக்குறைய 6 செ.மீ. சதுரத்தில் பிரிண்ட் வாங்கிக்கொண்டவர்கள் நிறைய. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் படங்களைத்தான் ‘ஒண்ணும் தெரியல’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நெகட்டிவை நேரடியாகத் தாளில் வைத்து எடுத்த பிரிண்ட் என்பதால் நுணுக்கம் அதில் நிறையவே தங்கியிருக்கும். 1200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற நுணுக்கத்தில்) ஸ்கேன் செய்து பாருங்கள், புடவைக் கரையின் கட்டம் வரை தெரியும்.

சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. கடல் பின்னால் தெரிய நிற்பவர் முகம் மேற்கே பார்க்கும். பீச்சுக்குப் போவதோ சாயங்காலம். சாய்ந்த வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மெரினாப் படங்களில் இத்தனை பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். எளிய கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எடுப்பவர் முதுகுப்பக்கம் வெயில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எல்லோரும் அறிந்த பாடம். அப்படி நிற்கும்போது எடுப்பவரின் நிழல் மணலில் நீண்டு, படத்தின் கீழ் ஓரத்தில் விழும். ஒரு தலை, இரண்டு பக்கமும் மடக்கிய முழங்கைகள்.

வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்கும் முதல் விஷயம், ‘கீழே இருக்கிற அந்தக் கறுப்பை எடுத்துடுங்க சார்’ என்பதுதான். நான் உடனே கேட்பேன்: இதை எடுத்தது யார்? பெரும்பாலும் அப்பா, இல்லை சித்தப்பா. கேமரா அவர் கையில் இருந்ததால் அந்த ஆல்பத்தில் அவர் படம் அபூர்வம். அன்று அவரும் அங்கே இருந்தார் என்பதற்கு அந்த நிழல்தான் சாட்சி. விளக்கிச் சொன்ன பிறகு அதை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றவர் யாருமில்லை.

பின்னால் தெரியும் அந்நியர்களையும் சிலைகளையும் அழிக்கச் சொல்வதும் இதே வகைதான். வருஷம் எழுதாத படத்துக்குக் காலம் சொல்வது அவைதான். உழைப்பாளர் சிலை தெரிந்தால் படம் 1959-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கண்ணகி, ஔவையார், திருவள்ளுவர் சிலைகள் 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்தவை. அண்ணா நினைவிடம் 1969-க்குப் பிறகு. இப்போதுள்ள கலங்கரை விளக்கம் செயல்படத் தொடங்கியது 1977-ல். ஒரு குடும்பத்தில் அம்மாவின் கல்யாண வருஷமான 1966-ல் எடுத்தது என்று எல்லோரும் நம்பிய படத்தில், அவர் தோளுக்குப் பின்னால் கண்ணகி சிலம்போடு நின்றிருந்தாள். அப்புறம் பெரியம்மாவிடம் விசாரித்ததில், அது மூத்த பையன் பிறந்து முதன்முதலாக மெட்ராஸ் வந்தபோது எடுத்தது என்று தெரிந்தது. படத்தில் அம்மா மடியில் இருந்த துணி மூட்டை அந்தப் பையன்தான்.

மங்கிய முகத்தை ஒரே தட்டலில் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. எனக்கு இதில் உண்மையான கவலை இருக்கிறது. படத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. கண் பெரிதாகிறது, தோல் வழவழப்பாகிறது, மூக்குத்தி காணாமல் போகிறது. பாட்டியின் சாயலில் வேறொரு பெண் உருவாகிறாள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் சுற்றி வந்தபின், அடுத்த தலைமுறைக்கு அதுதான் பாட்டி. செயலியில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பாருங்கள். ஆனால் மூலப்படத்தின் ஸ்கேனை வெள்ளை ஓரத்தோடு, பின்பக்கத்தையும் சேர்த்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகத் தனியே வைத்துவிடுங்கள். சாதாரண அளவு பிரிண்டுக்கு 600 டிபிஐ போதும். உறவினர்களுக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

அசலைக் கெடுப்பவற்றில் நான் அதிகம் பார்ப்பது 1980-களில் பரவலான ஒட்டும் ஆல்பம். பிசின் கோடு போட்ட அட்டையில் படத்தை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுவது. அந்தப் பிசின் மஞ்சளாகிப் படத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். வரவில்லையா, அப்படியே விட்டு, பக்கத்தோடு ஸ்கேன் எடுங்கள். ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதே விதிதான். கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

1970-கள், 80-களின் கலர் பிரிண்ட்கள் பீரோவுக்குள் பூட்டி வைத்தாலும் சிவந்துபோகின்றன. வெளிச்சமே படாவிட்டாலும் அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் தானாக மங்கும். அதனால் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அந்தக் கலர் படங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, நன்றாகத் தாங்கும். அதன் ஓரங்களில் கண்ணாடிபோல மினுங்கினால் துணியால் தேய்க்க வேண்டாம்.

பரணும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் படங்களுக்கு ஆகாது. சென்னை ஈரக்காற்றில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும் இடங்கள் அவை. ஒவ்வொரு படத்தையும் நல்ல வெள்ளைத்தாள் உறையில் போட்டு, வீட்டின் உள்ளறையில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். அந்துருண்டையைப் படங்களோடு போடாதீர்கள்.

பெயர் எழுதுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் படத்தின் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான கலர் தாளில் பென்சில் பதியாது, உறைமேல் எழுதினால் போதும். ‘பாட்டி, பீச்’ என்று மட்டும் எழுதினால் முப்பது வருஷம் கழித்து யாருடைய பாட்டி என்று தெரியாது. முழுப்பெயர், ஊர், யாருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படத்தைக் கையில் கொடுத்து, பேசுவதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். கேமரா யாருடையது, எடுத்தது யார், அன்று எதற்காகப் போனீர்கள் என்று கேளுங்கள். புடவையைப் பற்றி அவசியம் கேளுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்பதில்தான் பேச்சு நீளும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

மழைக்காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்கள் நனைந்தன. அவற்றில் பல கெட்டது ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டதால்தான். நனைந்த பிரிண்டுகள் ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிப்பது மிகக் கடினம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகப் பிரிகிறவற்றை மட்டும் பிரியுங்கள். படமுள்ள பக்கத்தில் விரல் படக்கூடாது. சேறு போனதும், படம் மேலே தெரியும்படி மை ஒற்றும் தாளில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், மீதியைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், மை கரைந்துவிடும்.