அஞ்சாவதில் பெயில் போடுவார்களா?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் போனில் வந்த வீடியோவைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இனிமே அஞ்சாவதுலயே பெயில் போட்டுடுவாங்களாமே?" வீடியோ பொய்யில்லை. ஆனால் அவர் மகன் படிக்கும் அரசுப் பள்ளிக்கு அது பொருந்தாது.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்துகொள்ள விட்டார்கள். தமிழ்நாட்டிலும் அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தான் நடத்தும் பள்ளிகளுக்கு நிறுத்தும் விதியைக் கொண்டுவந்தது. நம் மலையில் அருவங்காடு கேந்திரிய வித்யாலயா அந்தக் கணக்கில் வரும். அங்கேயும் எடுத்த எடுப்பில் நிறுத்திவிட மாட்டார்கள். ரிசல்ட் வந்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு, அதிலும் தவறினால்தான் அதே வகுப்பு. பள்ளியை விட்டே அனுப்புவது கூடாது.

மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டு வரை ஆல் பாஸ்தான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது.

"பெயிலே இல்லேன்னா பரீட்சை எதுக்கு?" அக்கா விடவில்லை. சரியான கேள்வி. பையனைக் கூப்பிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தேன். தலைப்பைப் படித்துவிட்டான். பத்தியின் இரண்டாவது வரியில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து நின்றுவிட்டான். ரேங்க் கார்டில் தமிழுக்கு 'பி' போட்டிருந்தது. அந்த 'பி'யைப் பார்த்து அவன் நின்ற இடத்தை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இதற்குத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். மூன்றாவதில் உட்கார்ந்திருந்தாலும் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளைக்கு அரும்பிலிருந்து பாடம். ஆகவே கார்டில் கையெழுத்துப் போடும் அன்று டீச்சரிடம் மார்க்கைக் கேட்காதீர்கள், "இவன் எதில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். எட்டு வரை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடுவது சுலபம். ஒன்பதாவதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, பத்தாவதில் பாடத்துக்கு 35 வேண்டும்.

அப்புறம், அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இன்னொன்று. வேலை மாறி வேறு எஸ்டேட்டுக்குப் போகிறவர்களிடம் "டி.சி. வரட்டும்" என்று சொல்லி அரசுப் பள்ளியில் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். ஒன்றாவதில் சேர்க்க நுழைவுத்தேர்வு வைத்தால் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி வைத்தால் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊட்டி, குன்னூரில் கான்வென்ட்டுக்கு விண்ணப்பம் வாங்குகிறவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. அரசுப் பள்ளியில் சேர்க்க இழுத்தடித்தால் கல்வி உதவி எண் 14417க்குப் போன் போடுங்கள்.